பழைய பிக்கப் வண்டி: விலை பேசுவதற்கு முன் அடியில் படுத்துப் பாருங்கள்

வாசகர் கேள்வி: அண்ணாச்சி, எனக்கு ஊர் களக்காடு பக்கம். ஏத்தன் வாழைத்தார் வாங்கி நாகர்கோவிலுக்கு அனுப்பும் தொழில். ஒரு நடைக்கு 120 தார் வரைக்கும் போகும். இதுவரை வாடகை வண்டிதான். கிடைப்பதில் பாதி வாடகைக்கே போய்விடுகிறது. இப்போது ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஒரு பொலேரோ பிக்கப், 2012 மாடல், விலைக்கு வந்திருக்கிறது. 2,60,000 ரூபாய் சொல்கிறார்கள். மீட்டரில் 1,48,000 கிலோமீட்டர் காட்டுகிறது. "இன்ஜின் வேலை பார்த்து ஆறு மாசம்தான் ஆச்சு, அடி வரைக்கும் புது பெயிண்ட்" என்கிறார் புரோக்கர். நகையை அடகு வைத்தால், கையிருப்பையும் சேர்த்து 3,00,000 தேறும். வீட்டில் அவள் பயப்படுகிறாள். இந்த வண்டியை வாங்கலாமா? வாங்கினால் என்னென்ன வேலை வைக்கும், எவ்வளவு செலவாகும்?

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பாளையங்கோட்டையில் நான் பட்டறை போட்டு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வாழைத்தார், பூ, மீன், செங்கல் ஏற்றுகிற வண்டிகள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. அதனால் வாடகை கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போன உங்கள் நிலைமை புரிகிறது. உங்கள் வீட்டில் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. நகையை வைத்து வாங்கிய வண்டி பட்டறையில் நின்றால், வண்டிதான் நிற்கும், வட்டி நிற்காது.

முதலில் பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கையில் 3,00,000 இருப்பவர் 2,60,000 ரூபாய்க்கு வண்டி வாங்கக் கூடாது. இந்த வயதுள்ள பிக்கப், முன்னால் வைத்திருந்தவர் எவ்வளவு அக்கறையானவராக இருந்தாலும், கை மாறிய முதல் வருஷத்தில் 50,000 முதல் 80,000 வரை கேட்கும். பெரிய பழுது எதுவும் வராவிட்டாலும் இந்தச் செலவு உண்டு. டயர், பேட்டரி, கிளட்ச், பிரேக், எஃப்.சி.க்கு, அதாவது வண்டியின் தகுதிச் சான்றுக்கு, காட்டுவதற்கான டிங்கரிங் என்று வரிசையாக வரும். பெயர் மாற்றவும் இன்சூரன்ஸுக்கும் தனியாகக் கை வைக்க வேண்டும். அதனால் உங்கள் எல்லை 2,10,000. மிச்சம் 90,000 வண்டிக்குத்தான், ஆனால் உங்கள் பையில் இருக்கட்டும்.

அடுத்தது புரோக்கர் சொன்ன வார்த்தை. "இன்ஜின் வேலை பார்த்தாச்சு" என்பது எனக்குப் பெரிய கவலை தரவில்லை. "அடி வரைக்கும் புது பெயிண்ட்" என்றாரே, அதுதான் கவலை.

பழைய வண்டி வாங்க வருகிறவர்கள் எல்லாரும் பானட்டைத் திறந்து இன்ஜின் சத்தத்தைக் கேட்கிறார்கள். இன்ஜின் கெட்டால் என்ன செலவு என்று சொல்லிவிடலாம். லேத் இருக்கிறது, பிஸ்டன் கிடைக்கிறது, பத்து நாளில் திரும்ப ஓட்டலாம். சேஸ், அதாவது வண்டியையே தாங்கும் அடிச்சட்டம், கெட்டால் அப்படிச் சொல்ல முடியாது. ஒரு இடத்தில் தகடு வைத்து வெல்டிங் அடித்தால் அடுத்த இடம் விடும். அது எத்தனை தடவை, எத்தனை ஆயிரம் என்று எந்த மெக்கானிக்காலும் உங்களுக்கு எழுதித் தர முடியாது.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். பல வருஷத்துக்கு முன்னால் என் மச்சானுக்கு ஒரு பிக்கப் பார்த்துக் கொடுத்தேன். இன்ஜின் பஞ்சு மாதிரி ஓடியது. கியர் வெண்ணெயில் போட்டது போல விழுந்தது. அடியில் குனிந்து பார்த்தேன். கறுப்பு பெயிண்ட் பளபளவென்று இருந்தது. "நல்ல வண்டிடா, எடு" என்று சொன்னவன் நான்தான். நாலு மாதம் கழித்து, செங்கல் ஏற்றிக்கொண்டு வரும்போது மூன்றடைப்பு பக்கத்தில் பின்பக்க ஸ்பிரிங் பட்டையைப் பிடித்திருக்கும் கொக்கி சேஸோடு பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. ஜாக்கியை எடுத்துக்கொண்டு போனேன். பிய்ந்த இடத்துக்கு ஒரு ஜாண் தள்ளி ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினேன். பெயிண்ட் அப்பளம் மாதிரி பெயர்ந்தது. அழுத்தம் கொடுக்காமலே ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போய்விட்டது. அப்புறம்தான் விசாரித்தோம்: அந்த வண்டி ஆறேழு வருஷம் கடற்கரையிலிருந்து மீன் ஏற்றியது. ஐஸ் உருகின உப்புத் தண்ணீர் தினமும் சரக்கு ஏற்றும் தொட்டியிலிருந்து சேஸில் வடிந்திருக்கிறது. வெல்டிங்குக்கு மட்டும் அன்றைக்கு 28,000 ரூபாய், பதினெட்டு நாள் வண்டி ஓடவில்லை. அடுத்த வருஷம் ஏறக்குறைய பழைய இரும்பு விலைக்குத்தான் போனது. அதற்குப் பிறகு மச்சான் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு இன்றைக்கும் அது உறுத்துகிறது.

ஆகவே வண்டி பார்க்கப் போகும்போது பழைய சாரம் (லுங்கி) ஒன்று, நல்ல டார்ச் ஒன்று, சின்னச் சுத்தியல், ஸ்க்ரூ டிரைவர், இவ்வளவும் எடுத்துப் போங்கள். சாரத்தை விரித்து அடியில் படுத்துவிடுங்கள். வெட்கப்படாதீர்கள், வெட்கப்பட்டால் நஷ்டம் உங்களுக்கு. பின்பக்க ஸ்பிரிங் கொக்கி இரண்டு பக்கமும், கேபினுக்குப் பின்னால் சேஸ் வளைகிற இடம், குறுக்குச் சட்டம் சேருகிற மூலைகள், தொட்டி உட்கார்ந்திருக்கும் போல்ட் இடங்கள், இங்கெல்லாம் சுத்தியலால் தட்டுங்கள். நல்ல இரும்பு "டிங்" என்று பேசும். அரித்த இரும்பு "டப்" என்று வாயை மூடிக்கொள்ளும். இரண்டு இடம் தட்டினாலே உங்கள் காதுக்கு வித்தியாசம் பிடிபட்டுவிடும். சேஸின் மேல் கூடுதல் தகடு ஒட்டியிருந்தால், வெல்டிங் வரியை மறைத்துப் பெயிண்ட் அடித்திருந்தால், "இது எப்போது, எதற்கு?" என்று நேராகக் கேளுங்கள். பதில் இழுத்தால் வந்துவிடுங்கள்.

கடைசியாக, வண்டியைக் கொஞ்ச தூரம் நேராக ஓட்டச் சொல்லிப் பின்னால் நின்று பாருங்கள். முன் சக்கரத் தடத்திலிருந்து பின் சக்கரம் ஒதுங்கி, நண்டு மாதிரி ஒருசாய்த்துப் போனால், அடிபட்டுச் சேஸ் வளைந்த வண்டியாக இருக்கலாம். ஸ்பிரிங் சென்டர் போல்ட் ஒடிந்து ஆக்சில் நகர்ந்தாலும் அப்படித்தான் போகும். அது சின்ன வேலை. எது என்று தெரியாமல் பணம் கொடுக்காதீர்கள்.

சரி, ஸ்ரீவைகுண்டம் என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஊர்ப் பெயரைப் பார்த்ததும் எனக்கு 2023 டிசம்பர் 17, 18 ஞாபகம் வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை, தாமிரபரணி கரை மீறியது, செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனிலேயே நின்றுபோனது. அந்த வாரம் தண்ணீரில் நின்ற வண்டிகள் அப்புறம் மாதக்கணக்கில் எங்கள் பட்டறைகளுக்கு வந்துகொண்டே இருந்தன. அந்த ஊர்க்காரர்களைக் குறை சொல்லவில்லை. எல்லாம் போனவர்கள், இருந்த வண்டியை விற்றாவது எழுந்திருக்கத்தான் பார்ப்பார்கள். அங்கிருந்து வருகிற வண்டி எல்லாம் வெள்ளத்தில் நின்றதும் இல்லை. மேட்டில் ஏற்றி நிறுத்தித் தப்பியவை நிறைய. ஆனால் உங்கள் வண்டி எதில் சேர்த்தி என்று தெரிந்தாக வேண்டும்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். சுருளுக்குள் இருக்கும் பகுதியை யாரும் கழுவுவதில்லை. வண்டல் கறை இருந்தால் அங்கே இருக்கும். ஹெட்லைட் கண்ணாடிக்கு உள்ளே தண்ணீர் நின்ற கோடு தெரிகிறதா பாருங்கள். பியூஸ் பாக்ஸ் மூடியைக் கழற்றினால், முனைகளில் பச்சை பூத்திருக்கக் கூடாது. சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவுங்கள், மெல்லிய களிமண் விரலில் ஒட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கியர் பாக்ஸிலும் பின் ஆக்சில் ஹவுசிங்கிலும் உள்ள பிளக்கைத் தளர்த்தி நாலு சொட்டு ஆயிலைப் பார்க்க வேண்டும். பால் ஊற்றிய டீ நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. அங்கே பேரிங்கும் பல்லும் துருப்பிடித்திருந்தால் இன்றைக்கு ஓடும், ஆறு மாதத்தில் கத்தும். வயரிங் கெட்டால் முழு செட் மாற்ற 12,000 முதல் 20,000 ஆகும். பணத்தைவிட அது தருகிற தொல்லைதான் பெரிது. ஒரு நாள் இண்டிகேட்டர், ஒரு நாள் ஸ்டார்ட்டர், ஒரு நாள் நடுராத்திரியில் பணகுடி பக்கத்தில் விளக்கே எரியாது, பின்னால் 120 தார் பழுத்துக்கொண்டிருக்கும். பழைய இன்சூரன்ஸ் பாலிசியை வாங்கிப் பார்த்து, 2023 முடிவில் கிளெய்ம் எதுவும் போட்டார்களா என்றும் விசாரியுங்கள்.

இனி இன்ஜின். காலை ஆறு மணிக்கு, வருவதாகச் சொல்லாமல் போய் நில்லுங்கள். சொல்லிவிட்டுப் போனால் வண்டியைச் சூடேற்றி வைத்திருப்பார்கள். இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருக்க வேண்டும். சூடாக இருந்தால் ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்ப்பதில் பிரயோஜனமில்லை. இன்னொரு நாள் காலையில்தான் போக வேண்டும். நம் பக்கத்துக் குளிருக்கு நல்ல டீசல் இன்ஜின் இரண்டாவது சுற்றில் பிடித்துவிட வேண்டும்.

பிடித்ததும் ஒருவர் சைலன்சர் பக்கம் நிற்கட்டும். முதலில் கொஞ்சம் வெள்ளையாக வந்து நின்றுவிட்டால் பரவாயில்லை. ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது கறுப்பாகக் கக்கினால் நாசில், ஏர் ஃபில்டர், பம்ப் இவற்றில் ஒன்று, பயப்பட வேண்டாம். நீலம் கலந்த புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், இனிப்பான ஒரு வாடையோடு வந்தால் இன்ஜினைக் குளிர வைக்கும் கூலன்ட் உள்ளே போகிறது, அதாவது இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது.

பிறகு ஒரு சின்ன சோதனை. இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றி, அதே ஓட்டையின் மேல் தலைகீழாகச் சும்மா வையுங்கள். லேசாக நடுங்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தால் நல்லது. குதித்துத் துள்ளி விழுந்தால், புகையும் குபுகுபுவென்று வந்தால், பேக் கம்ப்ரஷன். பிஸ்டன் ரிங்கும் போரும் (பிஸ்டன் ஓடுகிற துளை) தேய்ந்துவிட்டன, அந்த இன்ஜினுக்கு முழு வேலை காத்திருக்கிறது. போர் அடித்து, பிஸ்டன் செட் போட்டு, கிராங்க் கிரைண்டிங், பேரிங், ஹெட் வேலை எல்லாம் சேர்த்து இன்றைக்கு எங்கள் பக்கத்தில் 70,000 முதல் 1,00,000 வரை ஆகும்.

அவர்தான் ஆறு மாதத்துக்கு முன் வேலை பார்த்தது என்கிறாரே, அப்படியென்றால் லேத் பில்லைக் கேளுங்கள். முழு வேலை பார்த்திருந்தால் போர் எத்தனை சைஸ் ஏற்றியது, கிராங்க் எத்தனை சைஸ் குறைத்தது என்று பில்லில் இருக்கும். பில் இல்லை, மெக்கானிக் பெயரும் ஞாபகமில்லை என்றால் ரிங்கை மட்டும் மாற்றி, கெட்டி ஆயில் ஊற்றிச் சத்தத்தை அடக்கியிருப்பார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். அந்த வித்தை ஒரு வாழை சீசன் தாங்காது.

மீட்டரைப் பற்றி ஒரே வார்த்தை: நம்பாதீர்கள். 2012-லிருந்து தினமும் லோடு அடித்த வண்டி 1,48,000-தான் ஓடியிருக்கிறது என்றால் எனக்குச் சந்தேகம். பிரேக் பெடல் ரப்பர், டிரைவர் சீட்டின் ஓரம், ஸ்டீயரிங் வழவழப்பு, இவை சொல்வதுதான் உண்மையான கிலோமீட்டர்.

உங்களுக்கு ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது. நாடு முழுவதும் பி.எஸ். 4 என்ற புகை விதி கட்டாயமானது 2017 ஏப்ரல் 1-ல்தான். அதனால் 2012 வண்டி பெரும்பாலும் பி.எஸ். 3, மெக்கானிக்கல் பம்பாக இருக்கும். 2523 சி.சி. இன்ஜின், இந்தப் பக்கத்தில் அதைப் பிரித்துப் பார்க்காத மெக்கானிக் கிடையாது. பம்பைக் கழற்றிக் கேலிப்ரேஷன் பார்க்க 8,000 முதல் 15,000. காமன் ரயில் வண்டி என்றால் ஒவ்வொரு இன்ஜெக்டரும் தனித்தனிச் செலவு, சென்சார், கம்ப்யூட்டர் என்று கணக்கு வேறு. பெயர்ப் பலகையை மட்டும் நம்பாமல், பானட்டுக்குள் எந்தப் பம்ப் என்று பார்த்துக்கொள்ளுங்கள். டர்போ இருந்தால் அதன் காற்றுக் குழாயைக் கழற்றி, தண்டை விரலால் ஆட்டிப் பாருங்கள். மயிரிழை ஆட்டம் இருக்கத்தான் செய்யும். சுவரில் உரசும் அளவுக்கு ஆடினால் 8,000 முதல் 12,000 எடுத்து வையுங்கள்.

நம் பக்கத்தில் இன்ஜினைக் கொல்வது பெரும்பாலும் சூடுதான். கூலன்ட் ஊற்ற வேண்டிய இடத்தில் போர் தண்ணீரை ஊற்றுகிறார்கள். வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படிகிறது. அதிலும் கடலோரத்து போர் தண்ணீர் மோசம். குழாய் அடைத்து வண்டி சூடானால், சிலர் இன்ஜின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிவிட்டு "இப்ப சூடாகாது" என்று அனுப்பிவிடுவார்கள். இன்ஜின் அதற்கான சூட்டுக்கு வராமலே ஓடி, டீசலும் அதிகம் குடித்து, சீக்கிரம் தேயும். ஆறின இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். துருநிறத் தண்ணீரா, பச்சையோ சிவப்போ கூலன்டா? தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா? மூடியைத் திறந்துவைத்தே ஸ்டார்ட் செய்தால் குமிழி குமிழியாக விடாமல் வருகிறதா? டிப் ஸ்டிக்கில் ஆயில் மோர் மாதிரி வெளுத்திருக்கிறதா? இதில் கடைசி மூன்றில் எது இருந்தாலும் ஹெட்டைக் கழற்றாமல் தீராது. கேஸ்கெட் மாற்றி, ஹெட்டை லேத்தில் தேய்த்து எடுக்க 8,000 முதல் 14,000. விரிசல் விட்டிருந்தால் அதற்கு மேல். ரேடியேட்டரைக் கழற்றிக் குத்திச் சுத்தம் செய்வது மட்டும் என்றால் 2,000 சொச்சத்தில் முடியும். வாங்கிய முதல் வாரத்தில் இதைச் செய்துவிடுங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். பாதிப் பேர் கேட்பதில்லை.

ஓட்டிப் பார்க்கும்போது காலியாக ஓட்டாதீர்கள். காலியாக எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். அரை டன்னாவது ஏற்றச் சொல்லுங்கள். மணல் மூட்டை போதும். வெறும் வண்டியில் மறைந்திருக்கும் கிளட்ச் வழுக்கல் அப்போதுதான் தெரியும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியரில் போட்டு, கிளட்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் அணைந்துவிட்டால் கிளட்ச் பிடிக்கிறது. அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தால் பிளேட் போய்விட்டது. பிளேட், பிரஷர் பிளேட், பேரிங், கூலி சேர்த்து 8,000 முதல் 12,000. ஒரு தடவை செய்து பார்த்தால் போதும், திரும்பத் திரும்பச் செய்து அவர் கிளட்சை நீங்கள் எரிக்கக் கூடாது.

கியர் மாற்றி ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது அடியில் "டங்க்" என்று ஒரு அடி விழுந்தால் பின் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ் இணைப்பு தேய்ந்திருக்கிறது. ஒன்றுக்குக் கூலியோடு ஆயிரத்துக்குள் முடியும். 40, 50 வேகத்தில் பின்னாலிருந்து "ஊஊ" என்று இழுத்து, ஆக்சிலரேட்டரை விட்டதும் சத்தம் மாறினால் பின் ஆக்சிலுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடி, கிரவுன் பினியன். அது 15,000 முதல் 22,000. இந்தச் சத்தத்தைப் பேச்சில் மறைக்க விற்பவர்கள் பாட்டுப் போடுவார்கள், கதை சொல்வார்கள். "அண்ணே, ஐந்து நிமிஷம் பேசாமல் வாருங்கள்" என்று சொல்லிவிடுங்கள். இரண்டாவது கியர் கரகரவென்று விழுந்தால் சின்க்ரோ ரிங் தேய்ந்திருக்கிறது. கொஞ்ச காலம் ஓட்டலாம், ஆனால் விலையில் குறைத்துக் கேளுங்கள்.

பிரேக்குக்கு ஒரு எளிய சோதனை உண்டு. இன்ஜினை அணைத்துவிட்டுப் பெடலை ஐந்தாறு தடவை மிதியுங்கள், கல் மாதிரி இறுகும். அப்படியே மிதித்துப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலுக்கடியில் கொஞ்சம் இறங்கிக் கொடுக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் மிதிக்கும் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டரோ வேக்யூம் பம்போ கெட்டிருக்கிறது. லோடோடு வரும்போது பெடல் இறுகிப்போன வண்டியை நிறுத்திப் பார்த்தவன் நான். இதில் தள்ளிப்போடவே கூடாது, மற்ற வேலைக்குப் பணமில்லாவிட்டாலும் இதற்கு வேண்டும். முழு பிரேக் வேலை 6,000 முதல் 10,000, பூஸ்டர் தனி.

ஸ்டீயரிங் ஆட்டம் ஊருக்குள் தெரியாது. நீங்கள் முப்பந்தல், ஆரல்வாய்மொழி வழியாகப் போகிறவர். காற்றாலை சுற்றுகிற அந்தக் கணவாயில் ஆடிக் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது, மேலே தார்ப்பாய் கட்டிய வண்டி ஒரு முழம் தள்ளிப்போகும். ஸ்டீயரிங்கில் இரண்டு விரல் ஆட்டம் இருந்தால் அங்கே இரண்டு மடங்காகத் தெரியும். ஜாக்கி போட்டு முன் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். அதில் வரும் ஆட்டம் வீல் பேரிங்கா, பால் ஜாயிண்ட்டா, ஆக்சில் வண்டி என்றால் கிங்பின்னா என்று உடன் வரும் மெக்கானிக் சொல்லிவிடுவார். 4,000 முதல் 7,000 வரை ஆகும்.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் நிறைய இருக்கிறது என்று ஏமாறாதீர்கள். ஆறேழு வருஷம் ஆன ரப்பர் நம் வெயிலில் வெடித்துவிடும். புது டயர் ஒன்று 6,000-க்குக் குறையாது.

இப்போது உங்களிடம் ஒன்று கேட்கிறேன், கோபப்படக் கூடாது. 120 தார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏத்தன் தார் ஒன்று 12 கிலோ என்று வைத்தாலே 1,440 கிலோ. இந்த வண்டியின் ஆர்.சி.யை வாங்கி, மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்துப் பாருங்கள். அதில் உங்களையும் ஏற்றிவிடுகிற ஆளையும் கழித்துவிட்டு வருவதுதான் நீங்கள் ஏற்றலாம். அந்த வயது பிக்கப்பில் 1,440 வர வாய்ப்பு குறைவு. "எல்லாரும் ஏற்றுகிறார்கள்" என்பீர்கள். உண்மைதான், அவர்கள் எல்லாரும்தான் என் பட்டறைக்கு வருகிறார்கள். மேலே நான் சொன்ன கிளட்ச், கிரவுன், கிராஸ், ஸ்பிரிங், சேஸ் விரிசல், இவை அத்தனைக்கும் பெரிய காரணம் அதிக லோடுதான். பின்பக்கம் கூடுதல் பட்டை போட்டு நிமிர்த்தி வைத்த வண்டியாக இருந்தால், முன்னவரும் அப்படித்தான் ஓட்டியிருக்கிறார் என்று அர்த்தம். அபராதமும் சின்னதில்லை: 2019 திருத்தத்துக்குப் பிறகு சட்டத்தில் அதிகச் சுமைக்கு 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. 90 தாரோடு நிறுத்தி, வாரத்துக்கு ஒரு நடை கூட்டிப் போங்கள். கணக்குப் போட்டால் பழுது மிச்சமாவதில் அதுவே லாபமாக இருக்கும்.

காகிதத்தில் கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் விட்டால் வண்டியே உங்களுடையது ஆகாது. ஆர்.சி.யில் இருக்கும் சேஸ் நம்பரும் வண்டியில் குத்தியிருக்கும் நம்பரும் ஒன்றாக இருக்கிறதா, அந்த இடத்தில் கிரைண்டர் ஓட்டிய தடம் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். மொத்த எடை 3,000 கிலோவுக்குள் என்றால் பெர்மிட் தேவையில்லை, அந்த வகையில் நிம்மதி. எட்டு வயது தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. காட்ட வேண்டும், இந்த வண்டிக்கு எந்தத் தேதி வரை இருக்கிறது என்று பாருங்கள். எஃப்.சி. முடியப்போகிற வண்டி என்றால், காட்டிக் கொடுத்துவிட்டு விற்கச் சொல்லுங்கள். அங்கே தோற்றால் உங்கள் தலையில் விழாது. இன்னொன்று, 2012 மாடலுக்கு 2027-ல் பதினைந்து வயது. பதினைந்து தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. கட்டணம் பல மடங்கு. இதை விலை பேசும்போது மறக்காமல் சொல்லுங்கள்.

சாலை வரி பாக்கி, இ-சலான் பாக்கி இரண்டையும் அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி நம்பர் போட்டுப் பார்த்துவிடலாம். பைனான்ஸ் இருந்தால் அவர்கள் கொடுக்கும் கடிதமும் படிவம் 35-ம் வேண்டும். பெயர் மாற்ற படிவம் 29, 30. வாங்கியவர் முப்பது நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற பதினாலு நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். வெறும் கையெழுத்துப் போட்ட படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் முன்னவர் பெயரிலேயே ஓட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். நாளைக்கு ஒரு விபத்து என்றால் இரண்டு குடும்பமும் கோர்ட்டுக்கு அலையும்.

ஆக, என் அபிப்பிராயம் இது. சேஸ் "டிங்" என்று பேசி, வெள்ளத்தில் நிற்காத வண்டி என்று தெரிந்து, பேக் கம்ப்ரஷனும் இல்லாமல் இருந்தால் 2,10,000 வரை கொடுத்து வாங்குங்கள். கிளட்ச், டயர், ரேடியேட்டர், பிரேக் வேலை இருந்தாலும் பயப்படாதீர்கள். கையில் இருக்கும் 90,000-க்குள் எல்லாம் முடியும். இன்ஜினுக்கு மட்டும் முழு வேலை வேண்டும், மற்றதெல்லாம் திடம் என்றால், 1,40,000 கேட்டுப் பாருங்கள், வேலையை நீங்களே உங்கள் மெக்கானிக்கிடம் கண் முன்னால் செய்துகொள்ளுங்கள். சேஸோ, வெள்ளமோ, இரண்டில் ஒன்று உறுதியானால் 1,00,000 ரூபாய்க்குக் கொடுத்தாலும் வேண்டாம். நகை பெட்டியிலேயே இருக்கட்டும், வாடகை வண்டியிலேயே இன்னும் இரண்டு மாதம் ஓட்டுங்கள். வள்ளியூர், நாங்குநேரி, அம்பாசமுத்திரம் பக்கத்தில் விவசாயிகள் சொந்தத் தேவைக்கு வைத்திருந்து விற்கிற வண்டிகள் அவ்வப்போது வரும். அவை அதிக லோடு பார்த்திருக்காது.

போகும்போது உங்கள் ஊர் மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போங்கள். அரை நாள் கூலியாக 1,000 ரூபாய் கொடுங்கள்; புரோக்கரிடம் கமிஷன் வாங்காதவராக இருக்க வேண்டும். உங்கள் வீட்டுக்காரியையும் அழைத்துப் போங்கள் என்பது என் யோசனை. நகை அவளுடையது. அவளும் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு முன்பணமாக 5,000 மட்டும் கொடுத்து, "சேஸ் நம்பர், பைனான்ஸ், எஃப்.சி. மூன்றும் சரியாக இருந்தால்தான் மீதி" என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். மீதிப் பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள், அதுவும் படிவங்கள் கைக்கு வந்த அன்றைக்கு.